அண்ணன் முறைக்குத் தம்பி கொடுத்த ரத்தம்

இதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்? அடுப்பில் உலை கொதிக்கிறது, பிள்ளை மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நிற்கிறது, நீ காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “ஆயா, அந்த ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லு” என்கிறாய். பேரன் பெண்டாட்டியாக இந்த வீட்டுக்கு வந்து மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் இதையா கேட்பது? யார் சொன்னது உனக்கு, உன் மாமியாரா? (அவ அப்போ பொறந்தாளோ இல்லையோ. அவ இன்னாத்த கண்டா!)

சரி, சொல்கிறேன். ஊரில் ஆளுக்கொரு கைச்சரக்கைச் சேர்த்துச் சொல்வதைவிட, மானம் போனவள் வாயாலேயே கேட்டுவிடு. சிரிப்பதென்றால் எனக்கு எதிரிலேயே சிரி. குழாயடியில் போய்ச் சிரித்தால் தெரியும் சேதி.

உன் புருஷனுடைய தாத்தாவுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்காரருக்கு, இதயத்தில் கோளாறு. சின்ன வயதில் மூட்டுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனது. போகிற போக்கில் இதயத்துக்குள் இருக்கிற ஒரு கதவைக் கெடுத்துவிட்டுப் போனது. அது கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. வலை இழுத்தால் மூச்சு வாங்கும், படுத்தால் மூச்சு முட்டும். (நான் மொதல்ல வேலைக்கு பயந்துக்கினு வேஷம் போடறாருன்னுதான் நெனச்சேன். பொண்டாட்டி புத்தி அங்கதான் போவும்.) எழுபதுகளில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் அதற்கெல்லாம் வைத்தியம் ஏது? பஸ் பிடித்துப் பொன்னேரி, பொன்னேரியில் ரயில் பிடித்துப் பட்டணம், பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே ஒரு பெரிய டாக்டர். தலை முழுக்க நரை, வாய் முழுக்க அதட்டல். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

“இதோ பாரும்மா. கதவு சரியாத் திறக்காததால ரத்தம் உள்ளேயே தேங்குது. தேங்கினா கட்டி தட்டும். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துடும். அதுக்குத்தான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை தர்றேன். இது குறைஞ்சா கட்டி தட்டும். கூடினா ரத்தம் நிக்காமப் போய் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு குடுக்கணும்னு எனக்குத் தெரியணும்னா மாசாமாசம் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாகணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சிச்சி சார்” என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். எனக்குப் புரிந்தது, மாசாமாசம் ரத்தம் கொடுக்க வேண்டும். அவருக்குப் புரிந்தது, மாசாமாசம் ஊசி. டாக்டர் சொன்னதில் மீதி எல்லாம் அந்த அறையிலேயே தங்கிவிட்டது.

அவருக்கு ஊசி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறினால் பல்லாலேயே பிடுங்கித் துப்பிவிட்டு அடுத்த மீனைப் பிடிக்கிற மனுஷன். அன்றைக்கு ரத்தம் எடுக்கிறவர் கையில் ரப்பர் குழாயைக் கட்டியதுமே கண் சொருகிவிட்டது. ஊசியை எடுத்தார், இவர் அப்படியே அவர் மேலேயே சாய்ந்தார். மேசை, மேசை மேலிருந்த கண்ணாடிக் குழாய்கள், ரத்தம் எடுக்கிறவர், எங்கள் வீட்டுக்காரர், எல்லாம் ஒரே குவியல். அந்தக் குவியலிலிருந்து என் புருஷனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாசம் ஆஸ்பத்திரி நாள் விடிந்தது. ஆளைக் காணோம். தேடிப் போனால், கரையில் ஏற்றி வைத்திருந்த படகுக்குள் வலையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

“யோவ், எந்திரி. பஸ்சு போயிடும்.”

“நான் வரல தேசம்மா. வோணும்னா என்ன இந்த ஏரியிலயே தள்ளி உட்ரு.”

“டாக்டரு இன்னா சொன்னாரு? மறந்துட்டியா?”

“அவருக்கு இன்னா, சொல்லிட்டுப் பூட்டாரு. குத்து வாங்கறவன் நானு.”

அழவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது அடிக்கடி செய்யாது. செஞ்சா இப்படித்தான்.)

எங்கள் ஏரியில் ஓர் ஏற்பாடு உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று குப்பமே கூடி முறை வைத்திருக்கும். அதற்குப் பாடு என்று பேர். உன் வீட்டுப் பாடு வருகிற நாளில் நீ போகாவிட்டால் அன்றைய இறால் உனக்கில்லை. அடுத்த பாடு வரும்வரை அடுத்தவன் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆனால் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றால் தம்பி போகலாம். ஒருவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். தம்பி நின்றால் அண்ணன் நின்ற மாதிரி.

ஆஸ்பத்திரியில் மாசம் ஒரு நாள் வைத்திருக்கிறார்களே, அதுவும் ஒரு பாடுதானே? போகாமல் விட்டால் பாடு போய்விடும். அண்ணன் போகாவிட்டால் தம்பி போகட்டும்! நான் நினைத்ததை எனக்கே நம்ப முடியவில்லை. இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டா மூன்றாம் வகுப்பில் வாத்தியாரிடம் அடி வாங்கினேன் என்று இருந்தது.

கொழுந்தன் ஏழுமலை அப்போது கல்யாணம் ஆகாத காளை. முகம் அண்ணன் முகத்தை எடுத்து ஒட்டினது போலவே இருக்கும். வேலை என்றால் வயிற்றுவலி வரும், பட்டணம் என்றால் வயிற்றுவலி போகும். நான் சொல்லி முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான்.

“அண்ணனுக்கோசரம் நான் போறேன் அண்ணி. கொஞ்சூண்டு ரத்தந்தானே?”

“அண்ணனுக்கோசரமா, மசால் தோசைக்கோசரமா?”

“ரெண்டுத்துக்குந்தான்.”

சாயந்திரம் ஏப்பத்தோடு வந்தான். “டாக்டரு கையெழுத்து போட்டு குடுத்தாரு அண்ணி. மாத்திரை பத்தலையாம். ஏத்திக் குடுக்கச் சொன்னாரு.”

ஏற்றினேன். எனக்கு அதில் எல்லாம் அசிரத்தை கிடையாது. சோறானதும் மாத்திரையை என் கையாலேயே வாயில் போட்டு, “வாயத் தொற, நாக்கத் தூக்கு” என்று பார்த்துவிட்டுத்தான் விடுவேன். அடுத்த மாசமும் ஏழுமலைதான் போனான். இன்னும் பத்தவில்லையாம், இன்னும் ஏற்றச் சொன்னார்களாம். “ஒழுங்கா சாப்பிடறியான்னு டாக்டரு கத்தறாரு அண்ணி. சத்தியமா என் சம்சாரம் கையால வாங்கி முழுங்கறேன்னு சொன்னேன்” என்றான். நானும், பாவம், பிள்ளை அண்ணனுக்காகத் திட்டு வேறு வாங்குகிறானே என்று இரண்டு மீன் துண்டை அதிகமாகப் போட்டேன்.

இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் நீலம். படகில் லேசாக இடித்தால் தோளில் நீலம், கதவில் உரசினால் முழங்கையில் நீலம். பக்கத்து வீட்டு அஞ்சலை, தினமும் பட்டணத்துக்கு மீன் கொண்டுபோய் விற்கிறவள், அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“ஏம்மே, நோயாளியப் போட்டு இந்த அடி அடிக்கிறியே, உனக்கே நல்லாக்கீதா?”

“நான் இன்னாத்துக்கு அடிக்கறேன்? அவரே போய் இடிச்சிக்கறாரு.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க.”

பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. செங்கல் தூள் கரகரக்கிறது என்று சாம்பலுக்கு மாற்றினேன். (எப்பேர்ப்பட்ட வைத்தியம் பாரு!)

மூன்றாவது தடவை போன ஏழுமலை திரும்பி வரவில்லை. அஞ்சலைதான் காலிக் கூடையோடு வந்து சேதி சொன்னாள். அவள் ஆஸ்பத்திரி வாசலில்தான் கடை போடுவாள்.

“உன் கொழுந்தனப் புடிச்சிப் படுக்க வச்சிட்டாங்க மே. வார்டு ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டான். மாத்திரை வேலையே செய்யலியாம். நர்சு எதிர்லயே முழுங்க வச்சிப் பாக்கப் போறாங்களாம். சம்சாரம் வந்து கூட இருக்கணுமாம்.”

“எவன் சம்சாரம்?”

“நீதான். அப்போ நான் போவட்டுமா?”

மறுநாள் காலையில் குழம்பு வைத்துக் கூடையில் எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்காரரை அஞ்சலை பொறுப்பில் விட்டுவிட்டுப் போனேன். ஏழுமலை வெள்ளை விரிப்பில் ராஜா மாதிரி சாய்ந்திருந்தான். ஒரு கையில் ரொட்டி, மறு கையில் பால். நர்சம்மா என்னைப் பார்த்ததும், “வந்தியா? புருஷன் இப்படிப் படுத்திருக்காரு, சாவகாசமா வர்றியே. காலை அமுக்கி விடும்மா” என்றாள். அவன் காலை நீட்டினான். அவள் பார்க்கும்வரை அமுக்கினேன். அவள் திரும்பியதும் கட்டை விரலைப் பிடித்து ஒரு திருகு திருகினேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வந்தார். பின்னால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள், வாத்துக் கூட்டம் மாதிரி.

“எழுந்து உட்காரு” என்றார், சீட்டிலிருந்த எங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி.

ஏழுமலை தன் அண்ணன் எங்கே வந்தார் என்று சுற்றும் முற்றும் பார்த்தான். ஒரு கிள்ளு கிள்ளினேன். உட்கார்ந்தான்.

டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “இங்கே ஒரு சத்தம் இருக்கணுமே, எங்கேம்மா அது?” என்று கேட்டார். நான்தான் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்ட மாதிரி.

“நான் ஒண்ணியும் எடுக்கல சார்.”

“நீங்க எல்லாரும் கேட்டுப் பாருங்க” என்றார் பிள்ளைகளிடம். ஒருவர் பின் ஒருவராக வந்து குழாயை வைத்தார்கள். உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியாகக் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன், டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தான். “நல்லாக் கேக்குது சார்! புஸ்ஸு புஸ்ஸுன்னு தெளிவாக் கேக்குது!” என்றான்.

டாக்டர் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். கெட்டுப்போன கதவு மாத்திரையே இல்லாமல் தானாகத் திறந்துகொண்டதா என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். படம் எடுக்க வேண்டும், வேறு பெரிய டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றெல்லாம் காதில் விழுந்தது.

ஏழுமலை வாயிலிருந்த ரொட்டி இறங்கவில்லை. “அண்ணி, நெஞ்ச அறுத்துப் பாக்கலாமான்னு இங்கிலீசுல பேசிக்கறாங்க.”

“உனக்கு இங்கிலீசு தெரியுமாடா?”

“பாக்கற பார்வையிலயே தெரியுது அண்ணி. ஊட்டுக்குப் பூடலாம்.”

“அவசரப்படாத. நீ பெட்ட உட்டு எறங்கினா இன்னொருத்தன் ஏறிக்குவான். உங்கண்ணன் பாடு போயிடும். படு.”

(அந்த நேரத்துலகூட எனக்கு பாடுதான் ஞாபகம்.)

அப்போது கீழேயிருந்து ஒரு குரல். மீன் விற்றுப் பழகின குரல், மாடி ஏறித்தான் வர வேண்டும் என்பதில்லை.

“தேசம்மோவ்! ஓடியாடீ! உன் புருஷனுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குதுடீ!”

வார்டே திரும்பி, கட்டிலில் ரொட்டியோடு உட்கார்ந்திருந்த என் ‘புருஷனை’ப் பார்த்தது. அவனும் தன் கையைக் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். நர்சம்மா என்னவோ கேட்டாள். எனக்குக் காதில் விழவில்லை. நான் படியில் இருந்தேன்.

கீழே அவரைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். காலையில் வலையை உதறும்போது உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறியிருக்கிறது. எப்போதும் போலப் பல்லால் பிடுங்கித் துப்பியிருக்கிறார். எப்போதும் ஒரு சொட்டோடு நிற்கிற ரத்தம் அன்றைக்கு நிற்கவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள் அஞ்சலை, நிற்கவில்லை. புடவையைக் கிழித்துக் கட்டியிருக்கிறாள், புடவை நனைந்ததுதான் மிச்சம். மீன் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது மூக்கிலிருந்தும் வடிந்துகொண்டிருந்தது. முகத்தில் நிறமே இல்லை. என்னைக் கண்டதும் நல்ல கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

“கூடை வாசல்ல தனியா கீதுடி” என்று அஞ்சலை ஓடிவிட்டாள்.

சின்ன டாக்டர் ஒருவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டார். “யாரும்மா இவரு?”

“எங்க ஊட்டுக்காரரு சார்.”

“பேரு?”

அதை எப்படிச் சொல்வது? புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நான். அன்றைக்கு இருந்த ஆயுசில் நான் வேறு கை வைப்பேனா?

“மேல வார்டுல ஒருத்தரு படுத்துக்கினு கீறாரே, அவரு பேருதான் சார் இவருக்கும்.”

“அவரு யாரு?”

“அவருதான் சார் இவரு.”

“ஏம்மா, உனக்கு எத்தனை புருஷன்?”

“ஒருத்தர்தான் சார். ரெண்டு எடத்துல கீறாரு.”

அவர் நர்சைப் பார்த்தார். எனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்வார் போலிருந்தது. பிறகு கேட்டார்: “இவரு ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?”

“ஆமா சார், ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை. மாத்திரைய இவரு சாப்பிடறாரு. ரத்தத்த அவரு குடுக்கறாரு.”

அந்தச் சின்ன டாக்டர் முகம் மாறினதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. “இவரு சாப்பிடறாரு, இன்னொருத்தர் ரத்தத்தைப் பார்த்து டோஸ் ஏத்தறாங்களா? எத்தனை தடவை?” என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல், பெரிய டாக்டரைக் கூட்டிவரச் சொல்லி ஆளை விரட்டினார்.

பெரிய டாக்டர் இறங்கி வந்தார். பின்னால் வாத்துக் கூட்டம். அதற்கும் பின்னால் ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏழுமலை. டாக்டர் இவர் நெஞ்சில் குழாயை வைத்தார். முகம் தாமரையாக மலர்ந்தது. “இதோ இருக்கு!” என்றார், தொலைந்த மாடு கிடைத்த மாதிரி. அதற்குப் பிறகுதான் ஏழுமலையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மலர்ந்ததெல்லாம் வாடிவிட்டது.

அப்போது ஒன்றும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஊசி மேல் ஊசி போட்டார்கள். இவருக்கு மயங்கி விழவும் வழியில்லை, ஏற்கெனவே படுத்துக்கொண்டிருந்தார். “அந்த அம்மா அப்பால போகட்டும்” என்று நர்சு சொன்னாள். என் முந்தானையை இவர் விட்டால்தானே? விரலைப் பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை. “சரி, நில்லு” என்று விட்டுவிட்டாள். கட்டின துணியில் சிவப்பு பரவுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தச் சாமியையும் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. நாக்கைத் தூக்கச் சொல்லி மாத்திரையை நான் போட்ட கைதான் கண்முன்னே நின்றது.

சாயந்திரம் வெயில் சாய்கிற நேரத்துக்குச் சிவப்பு பரவுவது நின்றது. மூக்கும் நின்றது. டாக்டர் துணியை மாற்றிப் பார்த்துவிட்டு, “பிழைச்சுக்கிட்டான்” என்றார். அதற்குப் பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தார். அப்பாடா என்று இருந்தது.

திட்டி முடித்துவிட்டு இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுவந்து காட்டினார். காலையில் ஏழுமலையிடம் எடுத்த ரத்தம் ஒன்று. இவர் வந்ததும் எடுத்தது ஒன்று. முதலாவதைச் சாய்த்தார், தயிர் மாதிரி உறைந்து அசையாமல் நின்றது. இரண்டாவதைச் சாய்த்தார், மோர் மாதிரி ஓடிற்று. அத்தனை மாசமாகப் பேசிப் புரியாதது அப்போது ஒரு சாய்ப்பில் புரிந்தது.

“எதுக்கும்மா இப்படிச் செஞ்சீங்க?” என்றார். ஏரியில் பாடு முறை வைப்பதைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் நாளில் தம்பி நிற்பது, ஒருவரும் கேள்வி கேட்காதது, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கினார்.

“ஏரியில அண்ணன் இடத்துல தம்பி நிக்கலாம்மா. ஆனா மாத்திரையை முழுங்கினவன் ரத்தத்துலதான் மாத்திரை இருக்கும். இனிமே இவன்தான் வரணும். பயந்தா தூக்கிட்டு வா.”

பிறகு அந்தக் கண்ணாடிப் பையன் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, இந்தத் தம்பி நெஞ்சுல உனக்கு மட்டும் தெளிவாக் கேட்டுச்சே, என்ன அது?”

பையன் தன் பூட்சையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏழுமலைக்கு மனசு கேட்கவில்லை. “உடுங்க சார். அவருக்கு நல்ல காது” என்றான்.

இவர் தேறிய பிறகு டாக்டர் மாத்திரையைப் பழையபடி குறைத்து எழுதினார். அதற்கப்புறம் மாசாமாசம் இவரே போனார். தரையில் பாய் விரித்து, படுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ரத்தம் கொடுப்பார். ஊசி குத்தினது தெரியாமல் இருக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட வேண்டும். அப்படியே வெகுகாலம் இருந்தார் மனுஷன். உன் மாமனாருக்குக் கல்யாணம் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனார். நம் வீட்டில் யாராவது பரீட்சைக்கோ பல் பிடுங்கவோ பயந்தால், “ஏழுமலைய அனுப்பட்டுமா?” என்று கேட்பார்களே, அது இதுதான். உன் புருஷன் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட உள்ளே வரக் கூச்சப்பட்டான். நாங்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டோம். நீ ஜன்னலண்டை நின்று முழித்தாய்.

ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பிய அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்காமல் விடமாட்டாய், தெரியும். ஏழுமலையை இன்னும் விடவில்லை. நர்சு எதிரில் முழுங்கின மாத்திரையின் வேகம் இறங்கும்வரை அவன் அங்கேயே இருக்க வேண்டும் என்றுவிட்டார்கள். அஞ்சலை அதற்குள் ஊர் முழுக்கக் கொட்டி அளந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் குப்பத்துப் பொம்பளைகள் பாதிப் பேர் அங்கே நிற்கிறார்கள்.

“இன்னாடி தேசம்மா, ஆஸ்பத்திரியில உனக்கு ரெண்டு புருஷனாமே?”

கேட்டவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இவர் வெட்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். நான் கூடையை இறக்கி வைத்தேன்.

“ஆமாண்டி. அவ்ளோ பெரிய படிப்பு படிச்ச டாக்டருங்கெல்லாம் நெஞ்சுல கொழா வச்சித் தேடிப் பாத்துட்டாங்க. ரெண்டு பேர்ல எவன் என் புருஷன்னு அவங்களாலயே சொல்ல முடியல. பாத்தேன். எவன் என் முந்தானைய உடமாட்டேன்னு புடிச்சிக்கினு இருந்தானோ, அவன இட்டுக்கினு வந்துட்டேன். இன்னொருத்தன் ரொட்டி தீந்ததும் தானா வருவான். உங்கள்ல யாருக்காவது வோணும்னா சொல்லுங்க.”